நிஷிமுரா துரைக்கு நான் படித்த பாட்டு

எனக்கு ஜப்பான் மொழி நன்றாகத் தெரியும் என்று நான் ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையின் ஆகப் பெரிய அவமானத்துக்கு இந்த இரண்டாவது வாக்கியம்தான் காரணம்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரப் பரீட்சையில் கோட்டைவிட்டு, கல்முனைப் பிரதான வீதியில் மாமாவின் கடையில் நின்றேன். மாமா என்றால் உம்மாவின் தம்பி. உழவு இயந்திரச் சாமான்கள் விற்கும் கடை. நற்பிட்டிமுனையிலும் சொறிக்கல்முனையிலும் வயல் செய்கிறவர்கள் பெல்ட் அறுந்தால் எங்களிடம்தான் வருவார்கள். அந்த வருடம் ஒரு ஜப்பான் கம்பனி புதிதாகக் கை உழவு இயந்திரங்களை இறக்கியது. கரையோரம் முழுவதற்கும் ஒரேயொரு ஏஜென்சி. ஒரு தகரப் பெட்டிக்குள் ஆணியும் போல்ட்டும் வைத்து விற்று மேலே வந்தவர் மாமா. அந்த ஏஜென்சியை ஆசைப்பட்ட மாதிரி அவர் வேறெதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதைக் கொடுக்கும் அதிகாரம் நிஷிமுரா என்பவரிடம் இருந்தது. (ஊருக்கு அவர் நிஷிமுரா துரை.) ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. அவர் முதல் தடவை கடைக்கு வந்தபோது மாமா லுஹர் தொழப் போயிருந்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே தரம். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேருக்கும் சொல் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் அவர் ஒரு விளையாட்டைச் சொல்லித் தந்தார். ஒருவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். அதன் கடைசி எழுத்தில் மற்றவர் அடுத்த சொல்லைத் தொடங்க வேண்டும். 'ன்' என்று முடிகிற சொல்லைச் சொன்னவர் தோற்றார். அவர் தன் மொழியில், நான் என் மொழியில்.

"சகுரா" என்றார்.

"ராத்தா" என்றேன்.

"தாகோ."

"கோடரி."

"ரிசு."

"சுல்தான்" என்று சொல்லித் தோற்றேன். அவர் கையைத் தட்டிச் சிரித்தார். விளையாட்டு சூடு பிடித்து, இரண்டு பேரும் மாறி மாறிப் பொரிந்துகொண்டிருந்த நேரத்தில் மாமா பள்ளியிலிருந்து வந்து வாசலில் நின்றிருக்கிறார். எங்கள் வேகத்தில் அவருக்கு எல்லாமே ஜப்பான் மொழியாகக் கேட்டிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

துரை போனபின் மாமா என் தோளில் கையை வைத்தார்.

"மனே, நீ எப்ப இந்தப் பாஷையப் படிச்ச?"

"அது... சும்மா கொஞ்சம், மாமா."

இந்த 'கொஞ்சம்' அஸர் தொழுகைக்குள் கல்முனையையும், மஃரிபுக்குள் மருதமுனையையும் அடைந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில் எனக்கு உட்காரக் கதிரை போட்டார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பரீட்சையில் தோற்றவனுக்குக் கதிரை கிடைப்பது சின்ன விசயமா?

துரை போகும்போது எனக்கு ஒரு கசெட்டும் மைக்கும் தந்திருந்தார். கசெட்டின் ஒரு பக்கத்தில் பாட்டுகள். மறுபக்கத்தில் அதே பாட்டுகளின் இசை மட்டும், குரல் இல்லாமல். மைக்கை ரேடியோவில் கொழுவி நாமே பாடிக்கொள்ள வேண்டும். அதற்குக் கரோக்கே என்று பெயர் என்றார். மாமாவுக்கு உடனே யோசனை உதித்தது. அடுத்த மாதம் துரை வரும்போது அவருடைய நாட்டுப் பாட்டை நான் படிக்க வேண்டும். கேட்டு அவர் உருகிப்போய் ஏஜென்சியை எழுதித் தர வேண்டும்.

எந்தப் பாட்டு என்பதை முடிவுசெய்ய மாமாவின் கூட்டாளியான மரைக்கார் வரவழைக்கப்பட்டார். அவர் பள்ளி நிர்வாகத்தில் இருந்தவர். எதிலும் ஒழுங்கு பார்ப்பவர். மாமாவின் மகள் நஸீமா திரைக்குப் பின்னால் நின்று கசெட்டைப் போட்டாள்.

முதல் பாட்டில் பெண் குரல். "இது வேணா" என்றார் மரைக்கார்.

இரண்டாவதில் ஒரு ஆண் விம்மி விம்மிப் படித்தான். "இவன் குடிச்சிட்டுப் படிக்கான். அடுத்ததப் போடு புள்ள."

மூன்றாவதில் மேளம் அதிகம். நான்காவது சிறுபிள்ளைகளின் பாட்டு. துரைக்கு மரியாதை இல்லை. ஐந்தாவதில் விசில். இப்படியே ஒன்பது பாட்டும் கழிந்தன. பத்தாவது பாட்டில் பலர் சேர்ந்து, ஆறுதலாக, தலை குனிந்து படிக்கிற மாதிரிப் படித்தார்கள். மரைக்காரின் முகம் மலர்ந்தது.

"இதுதான் பாட்டு. பள்ளியில பைத்துப் படிக்கிற மாதிரி இரிக்கி. என்ன சொல்லுது மனே இதுல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நல்ல விசயம்தான் சொல்லுது, மரைக்கார் காக்கா" என்றேன்.

ஒரு மாதம் அந்தப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். பரீட்சைக்கு இதில் பாதி படித்திருந்தால் நான் கடையில் நின்றிருக்க மாட்டேன்.

துரை வரும் நாளுக்காக மாமா கடைக்கு வெள்ளையடித்தார். பெயின்ட் காயட்டும் என்று தட்டுகளில் இருந்த சாமான்களை எல்லாம் பின்னால் அடுக்கினோம். பாட்டு நேரத்தில் யாரும் பெல்ட் கேட்டு வரக்கூடாது என்று கடையை அடைக்கிற முன் பலகைகளையும் போட்டோம், ஒரு ஆள் நுழைய மட்டும் இடம் விட்டு. பின்னால் வீட்டில் மாமி மூன்று சஹன் (சேர்ந்திருந்து சாப்பிடும் பெரிய தாலம்) புரியாணி ஆக்கி வைத்திருந்தார். பாட்டு முடிந்ததும் சாப்பாடு, சாப்பாடு முடிந்ததும் ஏஜென்சி.

துரை வந்தார். வெறும் தட்டுகளைப் பார்த்தார். மூடிய பலகைகளைப் பார்த்தார். மாமா அவரைக் கதிரையில் இருத்திவிட்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். இசை தொடங்கியது. நான் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடிப் படித்தேன். என் குரல் அன்று போல் என்றும் நன்றாக இருந்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது துரை எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. என் பக்கம் திரும்பி மெல்லிய குரலில் ஜப்பான் மொழியில் ஏதோ கேட்டார். பாட்டை அவ்வளவு திருத்தமாகப் படித்தவனுக்கு மொழியும் வந்திருக்கும் என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரிந்த ஒரே பதில் 'ஆம்' என்பதற்கான 'ஹாய்'.

"ஹாய்" என்றேன்.

அவர் மாமாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். இடுப்பு வரைக்கும் குனிந்தார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"சோறு தின்னாமப் போறாரே" என்றார் மரைக்கார்.

"அழுகை வந்துட்டு அவருக்கு. அதோட எப்பிடித் தின்ற?" என்றார் மாமா. "ஏஜென்சி நமக்குத்தான்." புரியாணியை நாங்களே சாப்பிட்டோம். துரையின் சஹனில் நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மூன்று கிழமை கழித்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. மாமா அதை நஸீமாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"அவங்கட நாட்டுல கடைய மூடுற நேரத்துக்கு இந்த இசையத்தான் போடுவாங்களாம். கேட்டா ஆக்கள் எழும்பிப் போயிருவாங்களாம். நீங்க யாவாரத்த விடப்போறத இவ்வளவு மரியாதையாச் சொன்னது அவர்ர மனசத் தொட்டுட்டாம், வாப்பா. அந்த நேரத்துல உங்களுக்குச் சாப்பாட்டுச் செலவும் வைக்கக்கூடாது எண்டுதான் போனாராம். ஏஜென்சிய அக்கரைப்பற்றுல ஒராளுக்குக் குடுத்துட்டாராம்."

அவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"கடைய மூடத்தான் போறீங்களா எண்டு மச்சானுக்கிட்டக் கேட்டு உறுதிப்படுத்தினவராம்."

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மாமா திட்டவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புது வெள்ளை அடித்த தட்டுகளைப் பார்த்தபடி இருந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமும் கவலையும் வரும். உண்மையை விளக்கிப் பதில் எழுதினோம். துரை மிகவும் வருந்தி, அக்கரைப்பற்று ஆளோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று எழுதினார்.

இரண்டு மாதம் மாமா என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள், கடை மூடும் நேரத்தில் ஒருவர் ஒரு போல்ட்டுக்கு அரை மணித்தியாலம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். மாமா பொறுமை இழந்து என் பக்கம் திரும்பினார்.

"மனே, அந்தப் பாட்டப் படி."

படித்தேன். அந்த மனிதர் பயந்து கடையை விட்டே போய்விட்டார். மாமா சிரித்தார். அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு கல்யாண வீட்டில் விருந்தாளிகள் எழும்பாவிட்டாலும், பெண் பார்க்க வந்தவர்கள் கதையை நீட்டினாலும், எங்கள் குடும்பத்தில் என்னைத்தான் தேடுவார்கள்.

நஸீமாவை எனக்கே கட்டித் தந்தார்கள். கடிதத்தை ஒரு சொல் விடாமல் வாசித்தவள், இந்தக் கதையையும் ஒரு சொல் கூட்ட விடமாட்டாள். நான் எழுதியதை இப்போது பக்கத்தில் இருந்து வாசித்தாள். நீளம் அதிகம் என்றாள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். அவள் அந்தப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டாள்.