பதினோரு குறைகள் உள்ள பள்ளிக்கூடம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் உடல்நலத்தோடும் மனநிம்மதியோடும் இருக்க வேண்டுகிறேன். மனநிம்மதி சென்ற வாரம் என்னால் கொஞ்சம் கெட்டிருக்கும் என்பதால் அதைத் தனியாகச் சேர்த்துக்கொண்டேன். தங்கள் நண்பர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறாராம். அவர் அனுப்பிய நோட்டீஸைப் படித்துவிட்டுத் தாங்கள் மாப்பிள்ளையிடம், “பயன்பாட்டுக்கு உகந்ததல்லன்னு போட்டிருக்கே, நம்ம மருமக அந்த வீட்டுலயா வளர்ந்தா?” என்று கேட்டதாக என் மகள் சொன்னாள். கேள்வி நியாயமானதுதான். பதில்தான் கொஞ்சம் நீளம். ஆனால் நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பள்ளிக்கூடம் பிழைத்துக்கொண்டது. நேற்று நான்கு குழந்தைகள் வந்தார்கள், நான்கு பேரும் மதியம் வரை இருந்தார்கள், போகும்போது ஒரு செருப்பு மட்டும் குறைந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்றுதான் நான் சோற்றை ருசி தெரிந்து சாப்பிட்டேன்.

என் மனைவி ஒரு பெரிய பள்ளியில் பத்தொன்பது வருடம் குட்டிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதும், அங்கே அந்த வகுப்பையே மூடிவிட்டதும், அதன்பின் எங்கள் வீட்டு முன்கூடத்தில் தானே ஒரு மழலையர் பள்ளி தொடங்கப் போவதாக அவள் அறிவித்ததும் தாங்கள் அறிந்ததே. தாங்கள் அறியாதது, கல்வி அலுவலகத்தில் அவளுக்குக் கொடுத்தது மூன்று மாதத் தற்காலிக அனுமதி மட்டும் என்பது. அதற்குள் குறைந்தது நான்கு குழந்தைகள் சேர வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி தானாகவே செத்துப்போகும். நான்குதானே, அதற்கென்ன, நம் தெருவில் நடந்தால் நாலு குழந்தை காலில் இடறுமே என்று நானும் அலட்சியமாக இருந்துவிட்டேன். அவள் முதலில் ஒரு நோட்டீஸ் போட்டாள். நாலு மூலையிலும் பூ, நடுவில் சூரியன், ‘அன்பும் அறிவும் கைகோர்க்கும் இரண்டாம் வீடு’ என்று வாசகம். அதைப் பார்த்துவிட்டு மூன்று பேர் போன் செய்தார்கள். ஒருவர் கூடத்தை வாடகைக்கு விடுவீர்களா என்று கேட்டார். ஒரு அம்மா தான் ஊருக்குப் போகும்போது நாயை இங்கே விடலாமா என்று கேட்டார். மூன்றாமவர் தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டார், ஆனால் போன் செய்ததே அவர்தான்.

இரண்டு மாதம் ஒரு குஞ்சுகூட வரவில்லை. அவளோ தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆறு குட்டி நாற்காலிகளையும் வட்டமாகப் போடுவாள், பன்னிரண்டு மணிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். ஒருநாள் நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, நாற்காலிகளுக்கு முன்னால் உட்கார்ந்து கதைப் புத்தகத்தைப் பிரித்து, யானை பேசும் இடத்தில் யானைக் குரலிலும் எலி பேசும் இடத்தில் எலிக் குரலிலும் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “பழக்கம் விட்டுப்போயிடக் கூடாதில்ல” என்றாள். அன்று மத்தியானம்தான், கடைசி ஆய்வுக்கு அதிகாரி வருவதற்குள் வீட்டை ஒரு தடவை என் கண்ணால் பார்க்கச் சொன்னாள். முப்பத்தொரு வருடம் லிஃப்டுகளைச் சோதித்துக் குறை எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பவன். ஆகா, நமக்கும் ஒரு வேலை வந்தது என்று டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் பதினோரு குறைகள் கண்டுபிடித்தேன். முன்கதவுத் தாழ்ப்பாள் மூன்று வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் உள்ளது. கழிப்பறையில் குழந்தை உள்ளே பூட்டிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க வழியில்லை. புத்தக அலமாரி சுவரில் பொருத்தப்படவில்லை, ஏறினால் சாயும். மாடிப்படிக்குத் தடுப்பு இல்லை. இப்படியே போய், ஒன்பதாவதாக, ‘வீட்டிலுள்ள ஆண்: ஓய்வுபெற்றவர், குரல் பெரிது, குழந்தைகளோடு பழக்கம் போதாது’ என்று என்னையும் விட்டுவைக்காமல் எழுதினேன். பத்தாவது, ‘குழந்தைகள்: தற்போது இல்லை.’ பதினொன்றாவதை நான் எழுதியிருக்கக் கூடாது. ஆனால் பேனா ஓடுகிற வேகத்தில், ‘ஆசிரியை: குழந்தை அழுதால் தானும் அழுகிறார். பழுதுபார்க்க இயலாது’ என்று எழுதிவிட்டேன். கீழே, பழக்கதோஷம், முகவரி, போன் எண், தேதி, ‘பயன்பாட்டுக்கு உகந்ததல்ல. குறைகள் களைந்தபின் மறு ஆய்வு’ என்று போட்டுக் கையெழுத்தும் இட்டேன். அவளிடம் காட்டுவதற்கு முன் கோப்புக்கு ஒரு நகல் இருக்கட்டும் என்று தோன்றியது. நகல் இல்லாத அறிக்கை என் கையை விட்டுப் போனதாகச் சரித்திரமே இல்லை.

அதே சமயம் அவள் புதிதாக எழுதிய இரண்டாவது நோட்டீஸும் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. நான் இரண்டு தாளையும் ஒரே உறையில் போட்டு, ‘ஒன்று முந்நூறு, மற்றது ஒரு பிரதி’ என்று மேலே எழுதி, தெருமுனை அச்சுக்கடையில் கொடுத்து, முந்நூறையும் செய்தித்தாளுக்குள் வைத்து அனுப்பச் சொல்லிவிட்டு நடைக்குப் போய்விட்டேன். எது ஒன்று, எது மற்றது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. வியாழக்கிழமை காலை செய்தித்தாளைப் பிரித்தேன். உள்ளே இருந்து என் கையெழுத்து விழுந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் ஓடின. பேப்பர் போடுபவரைத் துரத்திக்கொண்டு நாலு தெரு ஓடினேன். அவர் சைக்கிளில் போகிறவர், நான் முழங்கால் தேய்ந்தவன். முந்நூறில் ஆறு தாள்களைத்தான் மீட்க முடிந்தது, அதிலும் இரண்டை அந்தந்த வீட்டுக்காரர்கள், “படிச்சிட்டுத் தர்றோம்” என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்தால் அவள் வாசலில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமே இல்லை, நிதானமாக வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தாள். சரி, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். கடைசி வரிக்கு வந்தாள். தாளை நாலாக மடித்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. சாப்பாடு மேஜைமேல் இருக்கிறது என்பதை மேஜையிடம் சொல்லுவாள், நான் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது போதாதென்று அதற்கு நகலும் எடுத்த என்னை என்னவென்று சொல்வது? கேட்காமலே பாத்திரம் துலக்கினேன். துலக்கிய கையோடு துளைபோடும் இயந்திரத்தை எடுத்து, ஒன்றாவது குறையிலிருந்து வரிசையாகச் சரிசெய்ய ஆரம்பித்தேன். ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு ஒரு குறையையாவது விட்டுவைக்க மனசு வருமா? தாழ்ப்பாள் அன்றைக்கே மேலே ஏறியது. அலமாரி மாலைக்குள் சுவரோடு ஒட்டியது. மாடிப்படித் தடுப்பை அவ்வளவு உறுதியாகப் போட்டேன், மேலே போன எனக்கே இறங்க முக்கால் மணி நேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை காலை கழிப்பறைக்குப் புதுப் பூட்டு போட்டேன். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் வெளியே உள்ள பள்ளத்தில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கும். சோதிக்காமல் எதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை என்பதால் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அப்புறம்தான் பார்த்தேன், உள்பக்கத்துக் குமிழை இன்னும் பொருத்தவில்லை, அது வெளியே ஸ்டூல்மேல் இருந்தது. மெதுவாகக் கூப்பிட்டேன், பலமாகக் கூப்பிட்டேன். பதினொன்றாவது குறை காதில் விழுந்தும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. ஒரு பெண் குரல், தான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு வேலை முடிந்து வருவதாகவும், நோட்டீஸைப் பார்த்ததாகவும், மூன்றரை வயதில் மகள் இருப்பதாகவும் சொன்னது. மூன்று மாதத்தில் முதன்முதலாக வாசலேறிய தாய், நான் கழிப்பறைக்குள். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நர்ஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்ப்பாளைப் பார்த்தாராம், அலமாரியை ஆட்டிப் பார்த்தாராம், நேராக இந்தக் கதவுக்கு முன்னால் வந்து, “இரண்டாவது குறை இதுதானே?” என்றார். சும்மா இருக்கலாமா? “ஆமாம்மா, பணி நடக்கிறது” என்று உள்ளிருந்து சொன்னேன்.

அவரே பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் திருப்பினார். கதவு வெண்ணெயாகத் திறந்தது. நான் கையில் திருப்புளியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் திரும்பி, “மூணு இடம் பாத்துட்டேங்க. எல்லாரும் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. எது நல்லா இல்லன்னு நீங்க ஒருத்தர்தான் சொல்லியிருக்கீங்க” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, அந்தப் பதினொன்றாவது உண்மையா என்று கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடியும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அவள் மெல்ல, உண்மைதான் என்றாள். “எம் பொண்ணை விட்டுட்டுப் போற அன்னைக்கு நானும் அழுவேன். கூட அழ ஒரு ஆள் இருந்தா நல்லதுதானே” என்றார் நர்ஸ். அவ்வளவுதான். அவள் கண் நிறைந்தது, நர்ஸுக்கும் நிறைந்தது, நான் திருப்புளியோடு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். எனக்கும் ஏதோ பழுது ஏற்பட்டுவிட்டது என்பதை ஒளிப்பானேன்?

மறுநாள் பஸ் ஓட்டுபவர் ஒருவர் இரட்டைப் பையன்களோடு வந்து, அலமாரியில் ஒருவனை ஏறச் சொல்லியே சோதித்தார். அது அசையவில்லை. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, “ஒன்பதாவது நீங்கதானுங்களா?” என்றார். அன்று முதல் நான் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறேன். எனக்குத் தொண்டை சரியில்லை என்று நினைத்து அந்தப் பையன்களும் என்னிடம் ரகசியம் பேசுகிறார்கள். ஆக மூன்று குழந்தைகள். திங்கட்கிழமை அதிகாரி அம்மா வந்தார். அவர் கையிலும் அதே தாள், யாரோ அலுவலகத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். தலை போயிற்று என்று நினைத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்து, கட்டிடத்துக்குக் குறையில்லை, கணக்குக்குத்தான் ஒரு குழந்தை குறைகிறது, நாளை மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அன்று அவள் ஆறு நாற்காலிகளையும் அடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு குட்டி நாற்காலிதான் கிடைத்தது, எழுந்திருக்கத்தான் இருவர் தேவைப்பட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் முழுசாகச் சமாதானமானோம்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அச்சுக்கடைக்காரர் வந்தார். சண்டை போட நாக்கைத் தீட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் பின்னால் ஒரு சிறு பெண் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு நின்றாள். “முந்நூறு தடவை கண்ணு முன்னால ஓடிச்சு சார், மனப்பாடமே ஆயிருச்சு. இவளை வேற எங்க விடறது?” என்றார். படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டதும் நானே அதை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன், இந்தத் தடவை முழங்கால் வலிக்கவே இல்லை. ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அனுமதி நிரந்தரமாகிவிட்டது சம்பந்தி. நான் செய்த பெரும் பிழைதான் பள்ளியைக் காப்பாற்றியது என்றாலும் பிழை பிழைதான், அதற்காகத் தங்கள் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வீடு இப்போது பயன்பாட்டுக்கு உகந்தது என்று தங்கள் நண்பரிடம் தெரிவிக்கவும்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசி. சம்பந்தியம்மாவின் முதுகுவலி குறைந்து, தாங்கள் இருவரும் நூறாண்டு நிமிர்ந்து நடக்க வாழ்த்துகிறேன்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
மகளைக் கொடுத்த சம்பந்தி

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்க இதை அவளிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, எழுத்துப்பிழை இல்லை, விஷயம்தான் முழுக்கத் தப்பு என்கிறாள். அச்சுக்கடைக்காரர் எது முந்நூறு என்று புரியாமல் வீட்டுக்குப் போன் செய்தாராம். நான் நடைக்குப் போயிருந்தேன். இரண்டையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, அறிக்கையையே முந்நூறு போடச் சொன்னது இவள்தானாம். “அழகா எழுதினதுக்கு ஒருத்தரும் வரல. மாடிப்படிக்குத் தடுப்பு போடுங்கன்னு ரெண்டு மாசமாச் சொல்றேன், அதை ரிப்போர்ட்ல எழுதினீங்களே தவிர போட்டீங்களா? ஊருக்குத் தெரிஞ்சாத்தான் உங்களுக்குக் கை ஓடும்” என்கிறாள். பின்னே எதற்கு மூன்று நாள் கோபம் என்று கேட்டேன். அச்சுக்கடைக்காரர் பத்து வரைதான் படித்துக் காட்டினாராம், பதினொன்றைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம். ஆகவே மேலே என் பிழை என்று எழுதியதையும், கேட்ட மன்னிப்பையும் அடித்துவிட்டுப் படிக்கவும். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை, மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிய பிறகு அதற்கெல்லாம் தெம்பில்லை. இன்னும் இரண்டு நாற்காலி காலியாக இருக்கிறது, இந்தக் கடிதத்தை அப்படியே முந்நூறு பிரதி போட்டால் நிரம்பிவிடும் என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். போனைக் காதில் வைத்து அச்சுக்கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.