வாகன மாமணி வீட்டு மாப்பிள்ளை

"ஓர் இனம் வாழுமா வீழுமா என்பது, அதன் இளைஞர்களில் எத்தனை பேர் காரின் பானெட்டைத் திறந்து பார்க்கிறார்கள் என்பதில்தான் அடங்கியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அந்த வாக்கியம் போர்ச்சின் கூரையில் மோதித் திரும்பி வரும்வரை சபாபதி காத்திருந்தார்.

எதிரே நின்ற முகுந்தன் பயபக்தியோடு தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே, பானெட்டை எங்கே தொட்டால் திறக்கும் என்று கண்ணால் துழாவிக்கொண்டிருந்தான்.

அவன் கிள்ளானுக்கு வந்தது பெண் கேட்க. பெண்ணிடம் எப்போதோ கேட்டு, அவளும் சரி சொல்லியாகிவிட்டது. அவளுடைய அப்பாவிடம் கேட்பதுதான் பாக்கி. அவர் தலையசைத்தால் அடுத்த வாரம் முகுந்தனின் அம்மா தாம்பாளத் தட்டுகளோடு வருவார். அசைக்காவிட்டால் தட்டுகள் அலமாரியிலேயே இருக்கும். ஆயுத பூசையன்று வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருந்தார் சபாபதி. முகத்தை மட்டும் பார்க்க மாட்டார், கையையும் பார்ப்பார் என்று அவர் மகள் ஷாமினி எச்சரித்திருந்தாள்.

சபாபதி துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கிள்ளான் பழைய வாகன நேசர் கழகத்தின் தலைவர். கழகம் அவருக்குப் பொன்னாடை போர்த்தி 'வாகன மாமணி' என்று பட்டம் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டத்தை முன்மொழிந்தவர் யார் என்பதைக் கழகத்தார் நாகரிகம் கருதி வெளியே சொல்வதில்லை. ஸ்பேனர் பிடிக்க வேண்டிய கையில் இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள் என்று அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார். எழுதியது வெளிவராவிட்டால் வானொலிக்கு போன் செய்து அதையே சொல்வார். ஷாமினியைப் பார்க்க முன்பு ஒரு பல் டாக்டர் வந்தான். இன்ஜின் எண்ணெய் பார்க்கும் கம்பியை அவன் 'குச்சி' என்று சொல்லிவிட்டான். அவனுக்கு டீகூடக் கொடுக்கவில்லை.

அந்தப் பயத்தில்தான் ஷாமினி ஒரு பொய் சொல்லி வைத்திருந்தாள். சனி ஞாயிறு ஆனால் முகுந்தன் காருக்கு அடியிலேயே கிடப்பான் என்றாள். அவன் காருக்கு அடியில் ஒருமுறை போனது உண்மைதான், உருண்டு போன இயர்போனை எடுக்க. மற்றபடி பிரிக்பீல்ட்ஸில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன். அவனுடைய கார் ஒழுங்காக சர்வீஸுக்குப் போகும். அங்கே இலவச மைலோ பானம் எந்த மூலையில் கிடைக்கும் என்பதோடு அவனுடைய மோட்டார் ஞானம் முடிந்துவிடும்.

அன்று அவன் காரில் வராமல் ரயிலில் வந்திருந்தான். கார் எங்கே என்று சபாபதி கேட்டதும், பிரித்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

சபாபதி அவன் கையைப் பிடித்துத் திருப்பினார். நகக்கண்களில் கறுப்பு ஏறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். வரும் முன் அவன் நகத்தில் தேய்த்துக்கொண்டது ஷூ பாலிஷ்.

"ம்ம்... அசல் கிரீஸ். இந்த வாசனை இப்பல்லாம் எங்க கிடைக்குது தம்பி."

ஷாமினி வாசல் பக்கம் திரும்பி இருமினாள்.

போர்ச்சில் நின்றது சிவப்பு நிறப் பழைய ஜப்பான் கார். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, கல்யாணப் பெண்ணைப்போல நிறுத்தியிருந்தார்கள். தெருவின் கீழ்க்கோடியில் அம்மன் கோயில். கழகத்து வண்டிகளெல்லாம் அங்கே பூசைக்கு வரிசையாக நின்றன. தலைவர் வண்டிக்குத்தான் முதல் தீபாராதனை. சபாபதியின் மனைவி இராஜம்மா தேங்காய் பழத் தட்டோடு முன்னதாகவே போய்விட்டார். வண்டி வர வேண்டியதுதான் பாக்கி.

ஷாமினி ஏறிச் சாவியைத் திருகினாள். 'டிக்' என்றது. இன்னொரு தடவை திருகினாள். அதுவும் கேட்கவில்லை.

சபாபதி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், பக்கத்தில் உட்கார்ந்து இன்ஜின் பேசுவதைக் கேட்பதுதான் வித்தை என்பது அவருடைய கொள்கை. கண்ணைத் திறந்து முகுந்தனைப் பார்த்தார்.

"இன்ஜின் என்ன சொல்லுது தம்பி?"

முகுந்தன் யோசித்தான். "கொஞ்சம் வருத்தமா இருக்கு அங்கிள்."

சபாபதி நெடுநேரம் அதை மனத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, அதேதான் என்றார். தான் கை வைத்தால் ஒரு நொடி வேலை என்றும், இன்றைக்கு மட்டும் தம்பிக்காக விட்டுத் தருவதாகவும் சொல்லி இறங்கிக்கொண்டார்.

முகுந்தன் தலைமுடிக்குள் மறைத்திருந்த இயர்போனைத் தட்டினான். அந்தப் பக்கம் செலாயாங்கில் வொர்க்ஷாப் வைத்திருக்கும் ஜீவன், பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. இப்படி ஏதாவது நேரும் என்று அவனைக் காலையிலிருந்தே தயாராக இருக்கச் சொல்லியிருந்தான். ஜீவன் தயாராகத்தான் இருந்தான், வாய் நிறைய வடையோடு.

"டேய், என்னடா பண்றது இப்போ? உன்னைத்தான் நம்பி வந்திருக்கேன்" என்றான் முகுந்தன், குனிந்து, கிசுகிசுப்பாக.

சபாபதி மகளின் தோளைத் தொட்டார். "காடிகிட்ட பேசுறாரும்மா" என்றார்.

முதலில் பானெட்டைத் திற என்றான் ஜீவன். ஸ்டீரிங்குக்குக் கீழே ஏதோ இருக்கும், இழு என்றான். முகுந்தன் இழுத்தான். ஒரு குமிழ் கையோடு வந்துவிட்டது. அதை எடுத்த இடத்தில் வைக்கப் பார்த்தான், நிற்கவில்லை. பான்ட் பைக்குள் போட்டுக்கொண்டான். ஷாமினி செருப்புக் காலால் பக்கத்திலிருந்த ஒரு நெம்புகோலைத் தட்ட, பானெட் திறந்தது.

உள்ளே பார்த்த முகுந்தனுக்கு, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. எல்லாரும் ஏதோ வேலையாக இருந்தார்கள். யார் யாருக்கு உறவு என்று புரியவில்லை.

பேட்டரி வயர் லூஸாக இருக்கும், முறுக்கு என்றது காது. பேட்டரி எது என்று கேட்க முடியாத நிலைமை. செங்கல் மாதிரி இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் தலையிலிருந்த வயரை ஸ்பேனரால் முறுக்கினான். நல்லவேளை, அது பேட்டரிதான். வண்டிக்கு உயிர் வந்தது. ஆனால் உயிர் வந்த இடம் ஹார்ன்.

தெரு முழுக்க அலறியது. நிற்கவில்லை. ஷாமினி ஸ்டீரிங்கைக் குத்தினாள். அதற்கும் நிற்கவில்லை.

"ஹார்ன் வேலை செய்யுது" என்றான் முகுந்தன், ஏதோ பரிசோதனை முடித்தவன்போல.

சபாபதி காதைப் பொத்திக்கொண்டே பாராட்டும் பாவனையில் தலையாட்டினார்.

ஃபியூஸைப் பிடுங்கு என்று காதுக்குள் ஜீவனும் கத்தினான். எந்த ஃபியூஸ் என்று அவன் சொன்னது ஹார்ன் சத்தத்தில் விழவில்லை. முகுந்தன் கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கினான். ஹார்ன் நிற்கவில்லை. அதோடு வைப்பரும் ஆடத் தொடங்கியது. கண்ணாடி மேல் கிடந்த சாமந்தி மாலையை அள்ளி இந்தப் பக்கம் போட்டது, பிறகு அந்தப் பக்கம் போட்டது. பிடுங்கியதை மறுபடி செருகப் பார்த்தான். எல்லாப் பொந்தும் ஒரே மாதிரி இருந்தன. அதையும் பைக்குள் போட்டுக்கொண்டான். தாம்பாளத் தட்டுகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குள் திரும்பிப் போவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

சத்தம் கேட்டுக் கழகத்தின் துணைத் தலைவர் வேலாயுதம் கோயிலிலிருந்து மேலேறி வந்தார். தலைவர் புறப்பட்டுவிட்டதற்கு அறிவிப்பு என்று நினைத்து அங்கே எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். குருக்கள் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாரு லா" என்றான் ஜீவன். "பின்னாடி இடம் இருக்கா?"

முகுந்தன் திரும்பிப் பார்த்தான். கேட்டுக்கு வெளியே தெரு நீண்டு கிடந்தது. "இடத்துக்கு என்ன, நிறைய இருக்கு" என்றான். அந்த இடம் கோயில்வரைக்கும் சரிவு என்பதைச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்று அவன் அறிவித்ததும் ஷாமினி ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேலாயுதம் அவளை இறங்கச் சொன்னார். தலைவர் உட்கார்ந்து வருவதைப் படம் பிடித்துக் கழகத்தின் ஃபேஸ்புக்கில் போட வேண்டும் என்றார்.

"பொண்ணே இருக்கட்டும்யா. நான் சத்தம் கேக்கணும்" என்றார் சபாபதி.

"ஹார்ன் கத்துற கத்துல இன்னும் என்ன தலைவரே கேக்கப் போறீங்க? ஏறுங்க. அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

சபாபதி தெருவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஷாமினி தரையைப் பார்த்தபடி இறங்கி நின்றாள். அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, சிம்மாசனத்தில் அமர்வதுபோல ஏறி, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பற்றினார். நெற்றியில் விபூதி கரைந்து வடிந்தது. வெயில் என்று முகுந்தன் நினைத்தான்.

ஹேண்ட்பிரேக்கை எடுக்கச் சொன்னான். சபாபதி வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். பெரியவருக்குப் பதற்றம் என்று முகுந்தனே சன்னல் வழியாகக் கையை விட்டு அதை இறக்கிவிட்டான். இந்த ஒன்றாவது சரியாகச் செய்தோமே என்று நிம்மதியோடு முன்பக்கம் போய், வேலாயுதத்தோடு சேர்ந்து தள்ளினான்.

வண்டி போர்ச்சைத் தாண்டியது. கேட்டைத் தாண்டியது. லொங்காங் சாக்கடை மேல் போட்டிருந்த பலகையில் ஒரு குலுக்குக் குலுங்கித் தெருவில் இறங்கி, தானாகவே வளைந்து கோயில் பக்கம் முதுகைத் திருப்பியது. அப்போதுதான், தாங்கள் தள்ளுவதை நிறுத்திவிட்டோம், வண்டி போவதை நிறுத்தவில்லை என்பது முகுந்தனுக்கு உறைத்தது.

"பிரேக் அங்கிள். பிரேக்கைப் பிடிங்க."

சபாபதி இடது சிக்னலைப் போட்டார். பிறகு விளக்கைப் போட்டார். வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு, வைப்பரால் இரண்டு பக்கமும் டாட்டா காட்டிக்கொண்டு, பின்பக்கமாக இறங்கியது. முகுந்தனும் ஷாமினியும் பின்னாலேயே ஓடினார்கள். கண்ணாடிக்குள் சபாபதியின் முகம், தேர்மேல் ஏற்றிய சாமியைப்போல ஆடாமல் அசையாமல், தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தது.

தெருவின் இருபுறமும் வண்டிகளோடு நின்ற கழகத்தார் தலைவரின் வருகையைக் கண்டு கைதட்டினார்கள். முன்பக்கம் காட்டி வந்தால் அம்மனுக்கு மரியாதையில்லை என்றுதான் இப்படி வருகிறார் என்று ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கம் சொன்னார். கோயில் வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தில் வண்டி முட்டியது. மரம் குலையோடு வண்டியின் கூரை மேல் சாய்ந்து படுத்தது. வண்டி நின்றது. ஹார்னும் நின்றது. குருக்கள் ஒரு கணம் தயங்கினார். பிறகு, வந்தது வந்தபடி இருக்கட்டும் என்று பின்பக்கத்துக்கே சந்தனம் வைத்துத் தேங்காய் உடைத்தார்.

கதவைத் திறந்து சபாபதி இறங்கினார்.

"பிரேக் போயிருச்சு. பிரேக்ல யாரோ கை வெச்சிருக்காங்க."

எல்லாரும் முகுந்தனைப் பார்த்தார்கள். அவன் பைக்குள் கையை விட்டு, குமிழையும் ஃபியூஸையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"இதுல எது பிரேக்னு தெரியல அங்கிள். எனக்குக் காடியைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நகத்துல இருக்கறது ஷூ பாலிஷ். ஷாமினியைத் திட்டாதீங்க."

கூட்டத்தில் 'உச்' கொட்டினார்கள். சபாபதி பொன்னாடையை உதறித் தோளில் போட்டார். அவர் பேசப் போகிறார் என்று தெரிந்து வேலாயுதம் போனைத் தூக்கிப் பிடித்தார்.

இன்றைய இளைஞன் இதோ நிற்கிறான் என்று தொடங்கினார் சபாபதி. இவன் கை போனைத் தடவப் பழகிய கை என்றார். பானெட்டைத் திறக்கத் தெரியாதவன், பிரேக்கைப் பையில் போட்டுக்கொண்டு திரிபவன் என்றார். ஒரு உயிரே போயிருக்கும், அதுவும் வாகன மாமணியின் உயிர் என்றார். ஷாமினி அப்பா அப்பா என்று கையைப் பிடித்தாள். விலக்கிவிட்டார். முகுந்தன், அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தான்.

இந்த அமளியில் இராஜம்மா தட்டைக் கோயில் படியில் வைத்துவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குள் ஏறியிருந்தார். வாழை மரத்தை எடுக்க வேண்டும், குருக்களுக்கு வழி விட வேண்டும். சாவியைத் திருகினார். இன்ஜின் ஒரே திருகலில் பிடித்தது. நாலைந்து அடி முன்னால் ஏற்றிச் சரிவிலேயே நிறுத்தினார். பின்னால் சிவப்பு விளக்கு எரிய, வண்டி அடித்து வைத்த ஆணிபோல நின்றது.

"ஆகவே, காடியைப் பத்தித் தெரியாத ஒருத்தன் கையில நான் என் பொண்ணை..." என்று சபாபதி விரலை உயர்த்தினார்.

இராஜம்மா சன்னல் வழியாகத் தலையை நீட்டி, முகுந்தனிடம் சொன்னார்.

"பிரேக்கெல்லாம் நல்லாத்தாம்பா இருக்கு. டெஸ்ட்ல புக்கிட் மேட்டுல ஏத்தச் சொன்னப்பெல்லாம் இவர் இப்படியேதான் பின்னால உருண்டு வந்தாரு, இவருக்கு லைசென்ஸே கிடையாது."