கொழும்புத் தவளை

பெட்டிக்குள் தவளை இல்லை.

மூடியைத் திறந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டு, துணியைப் பிழிய மருது ஒரு நிமிஷம் அங்குட்டுத் திரும்பினான். அதற்குள் அது கம்பி நீட்டிவிட்டது.

அவனுடைய முதலாளி வைரவன் செட்டியார் கொழும்பிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கண்ணாடிப் பெட்டி அது. உள்ளே பாசி, கட்டையில் ஒட்டி வளரும் ஆர்க்கிட், நடுவில் தண்ணீர் தேங்கும் அன்னாசி சாதிச் செடி ஒன்று, விரல் நீளத் தவளை. இரண்டு வருஷம் கழித்து நேற்றுத்தான் ஆர்க்கிட் ஓர் ஊதாப் பூ விட்டிருந்தது. அதைப் பார்க்க மெய்யநாதன் செட்டியார் பள்ளத்தூரிலிருந்து சாயங்காலம் வருகிறார். பத்து வருஷமாக இதே மாதிரிப் பெட்டி வைத்திருப்பவர். பார்க்கும்போதெல்லாம், "உம்ம பெட்டியில பூ வராதுவே" என்று சீண்டுகிறவர்.

"அவரு முன்னாடி என் மானம் போச்சுன்னா, நீ வயலுக்கே போயிரு மருது," என்று முதலாளி சொல்லியிருந்தார். வெயிலில் வரப்பு வெட்டியவனை வீட்டுக்குள் கூட்டிவந்ததே இந்தப் பெட்டிக்காகத்தான்.

மருது ஊருணிக்கு ஓடினான். உள்ளங்கை நிறைய ஒரு தவளை கிடைத்தது. வளர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என நினைத்து உள்ளே விட்டான். அது ஒரே தாவில் ஆர்க்கிட் மேல் விழுந்தது. பூ முறிந்தது.

"கருப்பியக்கா, நான் செத்தேன்."

சமையல்காரி கருப்பி எட்டிப் பார்த்தாள். "சாகுறதுக்கு முன்னாடி கொல்லையில மந்தாரை பூத்திருக்கு, பாத்துட்டுச் சாவு. அதே ஊதாதான்."

பறித்துவந்து தண்டில் வாழைநாரால் கட்டினான். கட்டும்போது முழங்கை இடித்து அன்னாசி சாதிச் செடி சாய்ந்தது. நிமிர்த்தப்போனால் குருத்து கையோடு வந்தது.

கருப்பி விருந்துக்கு வாங்கிய அன்னாசிப் பழத்தின் கொண்டையை அரிந்து நீட்டினாள்.

"இதுல தண்ணி நிக்குமாக்கா?"

"ஊத்துனா நிக்கும்."

வாசலில் வண்டி வந்து நின்றது. மெய்யநாதன் செட்டியார் இறங்கினார். பின்னால் வெற்றிலைப் பெட்டியோடு அவர் வீட்டு வேலைக்காரி சிட்டாள்.

"வாங்க, வாங்க. பூவப் பாருங்க," என்றார் வைரவன் செட்டியார். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. விருந்தாளியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமை அப்படித்தான் கண்ணை மறைக்கும்.

மெய்யநாதன் செட்டியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சிட்டாளும் குனிந்தாள். தவளை வீடே அதிரக் கத்தியது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இது நம்மையும் சேர்த்துக் கெடுக்கிறதே என்று மருது தூணைப் பிடித்துக்கொண்டான்.

மெய்யநாதன் செட்டியார் மெல்ல நிமிர்ந்தார்.

"தோத்துட்டேன்வே. அசல் கொழும்புச் சரக்கு. எங்க வீட்டுலயும் அச்சா இதே பூ, இதே செடி. தவளைகூட இப்படித்தான் கத்தும்."

வைரவன் செட்டியாருக்கு வாயெல்லாம் பல். "எல்லாம் நம்ம மருது பாத்துக்கிறதுதான்," என்று அவன் தோளில் தட்டினார். மருதுவுக்குப் போன உயிர் வந்தது. வயல் இல்லை, வரப்பு இல்லை. குலசாமிக்குப் பொங்கல் வைப்பதாக அங்கேயே வேண்டிக்கொண்டான்.

விருந்து முடிந்து வண்டி ஏறும்போது சிட்டாள் அவனை ஓரமாக அழைத்தாள்.

"அண்ணே, மந்தாரைய வாழைநாரால கட்டாதீக, காஞ்சா தெரிஞ்சுரும். பச்சை நூல் வச்சுக்கங்க. பத்து வருசமா எங்க பெட்டியில நான் அதுலதான் கட்டுறேன்."