டனிஸ்ரன்ரை துவக்குப் பெட்டி

டனிஸ்ரன் முடிவெடுத்திட்டான். மான் வேட்டைக்குப் போறதுதான்! லைசென்ஸ் சோதினை பாஸ். துவக்கு இன்னும் வாங்கேல்லை. ஆனா துவக்கு வைக்கிற பெட்டி வந்திட்டுது. பார்க் எக்ஸ்டென்ஷனிலை மூண்டாம் மாடி வீடு. அந்த வளைஞ்ச இரும்புப் படியாலை பெட்டியை ஏத்தப் பிடிச்ச கீழ்வீட்டு ஜோன்சன் அண்ணை, நாரிப்பிடிப்போடை இன்னும் எழும்பேல்லை.

"துவக்கு எங்கையப்பா?" எண்டாள் மனிசி அஜிதா.

"துவக்கு பேந்து. முதல் பாதுகாப்பு."

"ஓ, இல்லாத சாமானுக்குப் பாதுகாப்பு."

"இரும்பைப் பாரும்! கோடரி ஏறாது, அலவாங்கு ஏறாது. நாலு நம்பர் கோட். மூண்டு தரம் பிழைச்சா தானாவே இறுகிப்போம். அவசரத் திறப்பைக்கூட வேலையிடத்திலை வைச்சிட்டன். ஒரு குஞ்சு திறக்கேலாது!"

சனிக்கிழமைதான் சிக்கல். வேலையிடத்துக் கூட்டாளியள் வேட்டைக்கு வெளிக்கிடுறாங்கள். அதே சனிக்கிழமை கர்க்லாண்டிலை அஜிதான்ரை அக்கா புஷ்பராணியின்ரை மகளுக்குச் சாமத்திய வீடு.

"நான் வராட்டியும் பிள்ளை பெரிசாகிட்டுதுதானே?"

"சித்தப்பா எங்கையெண்டு சனம் கேட்டா, மான் பாக்கப் போட்டாரெண்டு சொல்லவோ?"

"ஓம், பெருமையாச் சொல்லும்!"

அஜிதா கோவிக்கேல்லை. அங்கையே அவன் உசாராகியிருக்கோணும்.

"சரி. சனிக்கு முதல் இந்தப் பெட்டியை நான் திறந்தா வருவியளோ?"

டனிஸ்ரன் விழுந்து விழுந்து சிரிச்சான். "நீர் திறந்தா, பட்டுவேட்டி கட்டி வந்து பெண்டுகளோடை நிண்டு ஆலாத்தியும் எடுக்கிறன்!"

வேட்டை ஜக்கெற்றைத் தூக்கிக்கொண்டு பெட்டியடிக்குப் போனான்.

"பொறுங்கோ! சாமி கும்பிடாமல் புதுச் சாமானைத் தொடுறதோ? காருக்கே தேசிக்காய் வைச்சனாங்கள்."

நியாயமான கதை. அவள் கற்பூரம் காட்டினாள். கதவுக்குக் குங்குமம் வைச்சாள். நம்பர்ப் பொத்தான் முழுக்கத் திருநீற்றை அள்ளிப் பூசினாள்.

"இனி உங்கட கையாலை முதல் தரம் திறவுங்கோ. நான் அங்காலை திரும்பி நிக்கிறன்."

பக்தியோடை நம்பரை அமத்தினான். பச்சை லைற்! விரலிலை ஒட்டின திருநீற்றை வீணாக்காமல் நெத்தியிலை பூசினான். ஜக்கெற்றை வைச்சுச் சாத்திப்போட்டு, விசிலடிச்சுக்கொண்டு மூலை டெப்பனர் கடையிலை பால் வாங்கப் போனான்.

திரும்பி வந்தா, பெட்டி ஆவெண்டு வாயைப் பிளந்துகொண்டு நிக்குது. ஜக்கெற்றுக்கு மேலை அஜிதான்ரை கூறைச்சீலை.

"எ... எப்பிடியப்பா?"

"மூண்டு பொத்தானிலைதான் திருநீறு அழிஞ்சு கிடந்தது. ஒண்டு, நாலு, ஒன்பது. நாலு நம்பரெண்டு நீங்களே சொன்னனீங்கள். உங்களுக்குக் கலியாண நாளே ஞாபகம் நிக்காது. நிக்கிறது பிறந்த வருசம் ஒண்டுதான். ஆயிரத்தித் தொளாயிரத்தித் தொண்ணூத்தி நாலு!"

டனிஸ்ரன் அசரேல்லை. பூட்டிலை பிழையில்லை, நம்பரிலைதான் பிழை. "விடும், இப்பவே வேறை நம்பர் போடுறன்!"

அஜிதா காலாலை கதவைத் தள்ளினாள். ணங்!

"நீங்கள் கரைச்சல்படாதேங்கோ, நானே மாத்திப்போட்டன். சாமத்திய வீடு முடிய ஜக்கெற்றை எடுத்துத் தாறன்."