நாற்பது விநாடி மிச்சமிருக்கையில் நான் மிதித்த பிரேக்

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் மாத்திரை போட்டுக்கொண்டு படிக்கவும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் மருமகள், அதாவது என் பெண், அடுத்த அறையில் இருக்கிறாள். அவள் தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனில் மைக்கும் உண்டு. போன மாதம் நான் போனில் மருந்துக்கடைக்காரரிடம் மூலத்துக்கு மருந்து கேட்டதை அவளுடைய அணியே கேட்டிருக்கிறது. அதில் ஒருவர் பல் வைத்தியர். தன் துறை இல்லாவிட்டாலும் யோசனை சொல்லி அனுப்பினார். அதனால்தான் கடிதம்.

அணி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் பெண் பகலில் கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துகிறாள், மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் காரை வைத்துக் கால்பந்து ஆடுகிறாள். ஆமாம், கார்தான் ஆள், கார்தான் கால். இந்தப் பக்கம் மூன்று கார், அந்தப் பக்கம் மூன்று கார், நடுவில் வீட்டளவு பந்து. இருபத்தாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் நான், என் வீட்டிலேயே ஒரு கார் சுவரில் ஏறி, தலைகீழாகப் பறந்து, எதிரே வந்த காரை வேண்டுமென்றே இடித்து வெடிக்க வைக்கிறது, அதற்குக் கைதட்டல் வேறு. இண்டிகேட்டர் கிடையாது, பின்னால் பார்க்கும் கண்ணாடி கிடையாது, யாரும் யாருக்கும் வழிவிடுவது கிடையாது. பிரேக் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது, ஆனால் யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை என்றாள். ஆனாலும் இவர்கள் மூவரும் (மூன்றாமவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர், ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை) போட்டிமேல் போட்டியாக ஜெயித்து, இன்னும் ஒன்று ஜெயித்தால் பெரிய அரங்கில் இறுதிச்சுற்று என்னும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். எனக்கும் பெருமை இல்லாமல் இல்லை. வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் அந்தப் போட்டி. கட்டிலில் உட்கார்ந்து பாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். நான் கேட்டேனா? நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பழக்கதோஷம், அக்கா. கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில் எனக்கென்று தனியாக உள்ள பிரேக்கின்மேல் காலை வைத்தபடி உட்கார்ந்தே பாதி ஆயுள் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாகக் கோல், நாற்பது விநாடிதான் மிச்சம், நம் பெண்ணின் கார் பந்தைப் பார்த்துப் பறக்கிறது, எதிரிலிருந்து இன்னொரு கார் நேராக அவள்மேல் வருகிறது. என் கால் தானாகக் கீழே போனது. மேஜைக்கடியில் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் சுவிட்ச் சரியாக என் பாதத்துக்கடியில். இத்தனை வருஷத்தில் என் கால் பிரேக்கைத் தவறவிட்டதே இல்லை, அன்றைக்கும் தவறவிடவில்லை.

திரை இருண்டது. கம்ப்யூட்டர் மறுபடி எழுந்து உட்காருவதற்குள் மற்ற இருவரும் தனியாகத் திண்டாடி, கோல் வாங்கித் தோற்றுப்போனார்கள். அவள் கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்தாள். "அது கோலுப்பா" என்றாள். அவ்வளவுதான். அதோடு மூன்று நாளாகப் பேச்சில்லை. அப்பாவைச் சாப்பிடச் சொல்லு என்று அம்மாவிடம் சொல்கிறாள், நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்துதான் இருக்கிறேன். நேற்று வேலையிலும் கெட்ட பேர். ரிவர்ஸ் பழகிய தையல்கார அம்மா நேராகக் குப்பைத்தொட்டியை நோக்கிப் போகிறார், மிதிக்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன், தொட்டி சாய்ந்துவிட்டது. "நீங்க பாத்துப்பீங்கன்னுதானே சார் நான் பாக்கலை" என்றார் அந்த அம்மா. நான் இறங்கிப்போய்த் தொட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டாம். வருகிற ஞாயிறு. அதிலும் தோற்றால் இந்த வருஷம் போச்சு, அந்தப் பழி ஆயுசுக்கும் என் தலையில். ஆட்டம்கூடக் கிடக்கட்டும் அக்கா, என் பெண் என்னோடு பேசவேண்டும், எனக்கு அது போதும். அத்தை சொன்னால் கேட்பாள். சனிக்கிழமைக்குள் வந்து அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல். ஞாயிறு ஆட்டம் முடியும்வரை நான் கடைவீதியிலேயே இருந்துகொள்கிறேன் என்றும் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கூரியர்காரர் தாமதம் செய்யாமல் இருக்க அவருக்கும் ஆசி.

இப்படிக்கு,
உன் நிம்மதியற்ற தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அவளே வந்தாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டுக்காட்டினாள். அந்தப் பந்துக்குப் பல் வைத்தியர் ஏற்கெனவே கிளம்பிவிட்டாராம், இவள் கவனிக்காமல் கோல் வாசலை அம்போவென்று விட்டுவிட்டுப் பாய்ந்திருக்கிறாள். "நீங்க மிதிச்ச இடத்துல நான் பிரேக் போட்டிருக்கணும்ப்பா. கரண்ட் போச்சுன்னு அவங்க கிட்ட சொல்லித் தப்பிச்சுட்டேன். வெக்கமா இருந்துச்சு, அதான் உங்க மூஞ்சியப் பாக்க முடியலை" என்றாள். இப்போது அவர்களிடமும் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். மூவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் அவள் பக்கத்திலேயே உட்காரவேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவரில் ஏற்றியாகிவிட்டது. அவள் ஒரு காதை மூடாமல் வைத்திருப்பாள், நான் தரையை மிதித்த சத்தம் கேட்டால் உடனே பிரேக் போடுவாள். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே, அவளிடம் நீ எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சனிக்கிழமை வேண்டாம், வெள்ளிக்கிழமையே வந்துவிடு. மூன்று பேர் என் காலை நம்பி ஆடப்போகிறார்கள் அக்கா, எனக்கு இப்போதுதான் நிஜமாகவே பயமாக இருக்கிறது.