டிஸ்குக்குக் காவல்

வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைகள் எல்லோரையும் பைக்குள் போட்டுவிடுவதென்று கனகசுந்தரம் முடிவெடுத்தார்.

பை என்றால் வாசல் கதவோடு தொங்குகிற பை. வீட்டு உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், மாற்றிக் கட்ட ஒரு சாரம், மனைவி பூரணியின் விபூதி. சண்டையில் துறைமுகப் பக்கம் ஷெல் குண்டு கூவத் தொடங்கினால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது. 2006 ஆவணியில் திருகோணமலையில் அப்படியொரு பை இல்லாத வீடு குறைவு. பிள்ளைகள் என்றால், கனடாவிலிருக்கிற மகனும் மகளும் அனுப்பிய படங்கள், வீடியோக்கள். எல்லாம் கொம்பியூட்டருக்குள். அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலாது. மகன் ஆளிடம் கொடுத்தனுப்பிய, கழற்றி எடுக்கிற டிஸ்கில் பிரதி எடுக்க வேண்டும்.

மற்ற நாளில் அந்தக் கொம்பியூட்டர் பூரணி தைத்த உறையைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். சும்மா போட்டால் தேயும் என்பது கனகசுந்தரத்தின் சட்டம். துறைமுக ஸ்டோர்ஸில் கிளாக்கராக இருந்தவர்.

பிரதி ஓடத் தொடங்கியது. இரண்டு மணித்தியாலம் என்று காட்டியது. மத்தியானம் சாப்பிட்டு, ஒரு சின்ன நித்திரை கொண்டு எழும்பிப் பார்த்தால் ஒன்பது மணித்தியாலம் என்றது. பின்னேரம் கரண்ட் போனது. எல்லாம் முதலிலிருந்து.

வயரை மாற்றினார். முன் துளையில் செருகியதைக் கழற்றிப் பின் துளையில் செருகினார். தூசி தட்டினார். அவர் பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாக ஓடியது. அவர் படுத்தால் செக்பொயின்ரில் மறித்த பஸ்தான்.

"வெக்கை," என்று கண்டுபிடித்தார். "மத்தியானத்தில மெசினுக்கும் களைக்கும். இஞ்சாரும், நான் எழும்புமட்டும் உதில இருந்து விசிறும்."

"எனக்கு உதுகள் விளங்காதே."

"விளங்கத் தேவையில்லை. விசிறினால் காணும்."

"நீங்கள் சொன்னால் சரி."

பூரணி விசிறியோடு கதிரையில் இருந்தாள். விசிறத் தொடங்கிய பிறகு இன்னும் மோசம்.

மகன் ஃபோன் எடுத்தபோது முறையிட்டார்.

"அப்பா, பிரதி எடுக்கேக்க அதிலயே ஆரும் வீடியோ பாத்தால் அப்பிடித்தான் இழுபடும்."

"ஆர் பாக்கிறது? நானும் கொம்மாவும்தான். கொம்மாவுக்கு அதைப் போடவே தெரியாது."

"அப்ப நாளைக்கு நித்திரை கொள்ளாமல் படுத்துப் பாருங்கோ," என்றான் மகன்.

அடுத்த நாள் மத்தியானம் கனகசுந்தரம் கண்ணை மூடிக் குறட்டை மட்டும் விட்டார். பிறகு மெல்ல எழும்பி வந்தார்.

விசிறி நிலத்தில் கிடந்தது. திரையில் பேத்தி தொட்டிலில் கிடந்தாள். இவர்கள் இன்னும் தூக்கிப் பார்க்காத பேத்தி. பூரணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு இன்னும் கிட்டப் போனாள். மூலையில் பிரதிக் கோடு அசையாமல் நின்றது.

"உதென்ன பூரணி?"

"மெல்லக் கதையுங்கோ. பிள்ளை நித்திரை."

அவர் உண்மையாகவே குரலைத் தாழ்த்தினார். "எப்ப பழகினனீர்?"

"தேத்தண்ணி கொண்டுவரேக்க பின்னால நிண்டு பாத்தனான். பிரதி முடிஞ்சால் உறையைப் போட்டுடுவியள். முடியக் கூடாதெண்டு பிள்ளையாருக்கும் சொல்லி வைச்சனான்."

"ஷெல் விழுந்தால் இந்த முகமும் மிஞ்சாது, பூரணி."

அவள் பேத்தியை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு தானே வீடியோவை மூடினாள்.

அன்று விளக்கு வைக்குமுன் பிரதி முடிந்தது. கனகசுந்தரம் டிஸ்கைக் கழற்றிப் பையில் வைத்தார். உறையை எடுத்து விரித்தார்.

"இஞ்சாருங்கோ, ஸ்டோர்ஸில சாமான் வந்தால் பிரிச்சுப் பாக்காமல் கையெழுத்து வைப்பியளோ?"

"ஒருநாளும் வைச்சதில்லை," என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப உதுக்குள்ள பிள்ளையள் எல்லாரும் ஒழுங்காய் வந்து சேர்ந்திட்டினமோ எண்டு ஆர் பாத்தது?"

உறை அவர் கையிலேயே நின்றது.

அன்றிலிருந்து டிஸ்க் இரவில் பையிலும் பகலில் மேசையிலும் குடியிருந்தது. படங்களோ ஆயிரக்கணக்கில். கண்ணுக்குக் கூடாதென்று ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் சரிபார்க்கப் பூரணி விடவில்லை. அதிலும் பேத்தி வந்துவிட்டால் அந்த நாள் ஒன்றோடு சரி. கனகசுந்தரமும் தன் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"சும்மா இருக்காதேங்கோ," என்றாள் பூரணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மெசினுக்குக் களைக்கும். விசிறுங்கோ."