விமானத்தில் இருக்கும் மானம்

அயல்நாட்டு மண்ணில் மானத்தோடு இறங்கி, மானத்தோடு ஓடி, மானத்தோடு திரும்பிய குழு என்று உலகில் ஒன்று உண்டென்றால், அது எங்கள் மூவர் குழுதான். ஓடியவர் மேலாளர் மட்டுமே. ஆனாலும் குழு என்று வந்துவிட்டால் பெருமை எல்லோருக்கும் பொது.

எங்களுடையது எடை இயந்திரம் செய்யும் நிறுவனம். கடல் கடந்த ஊர் ஒன்றில் மூன்று நாள் கண்காட்சி. மேலாளர், கிடங்குப் பொறுப்பாளர் அக்கா, எழுத்தராகிய நான் ஆகிய மூவரும் போவதாக முடிவாயிற்று. அன்றே மேலாளர் 'அயல்நாட்டுப் பாதுகாப்பு மற்றும் மரியாதைக் கையேடு' எழுத உட்கார்ந்தார். நாற்பத்திரண்டு பக்கம். அதை விளக்க ஒரு வாரம் கூட்டம்.

"விமானத்துலயே மானம் இருக்கு. எறங்கும்போது அதை சீட்லயே விட்டுட்டு வந்துடக் கூடாது" என்றார். நான் பயபக்தியோடு குறித்துக்கொண்டேன்.

பத்தாம் விதி: அந்நியர் கூப்பிட்டால் நிற்கக் கூடாது. பதினோராம் விதி: கூப்பிடும் அந்நியரை அவமதிக்கக் கூடாது.

"நிக்காம எப்படி சார் மரியாதை குடுக்கறது?" என்று அக்கா கேட்டார்.

மேலாளர் சற்று யோசித்தார். "சிரிச்சுக்கிட்டே போகணும்மா."

"வேகமாவா, மெதுவாவா?"

"ஆபத்தோட அளவைப் பொறுத்து."

மூன்று பாஸ்போர்ட்டும் அவருடைய கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பது பன்னிரண்டாம் விதி. "தனித்தனியா வச்சிருந்தா தனித்தனியா தொலையும்" என்றார். தீர்க்கதரிசி. அவை ஒன்றாகவே தொலைந்தன.

அந்த ஊரில் இறங்கி டாக்சி பிடித்து விடுதிக்குப் போனோம். வாசலில் மேலாளர் டிரைவருக்கு இரு கைகளையும் கூப்பி மூன்று முறை வணங்கினார். அந்நாட்டு மொழியில் அவர் கற்றிருந்த ஒரே சொல்லான 'நன்றி'யை ஏழு முறை சொன்னார். இரண்டு கைகளும் மரியாதையில் ஈடுபட்டிருந்ததால் பையை எடுக்கக் கை இல்லை. பை டாக்சியோடு போய்விட்டது.

அறை தயாராக நேரமாகும் என்றதால் பெட்டிகளை வரவேற்பறையில் போட்டுவிட்டுத் தெருவில் காலாற நடந்தோம். பின்னால் ஒரு குரல். மலை போன்ற ஓர் ஆள் கத்திக்கொண்டே ஓடி வந்தான். மேலாளர் பத்தாம் விதிப்படி நிற்கவில்லை. பதினோராம் விதிப்படி சிரித்தார். ஆபத்தின் அளவு கூடக் கூட வேகமும் கூடியது.

"சார், அது நம்ம டிரைவர். கையில உங்க பை" என்று அக்கா கத்தினார். மரியாதையின் வேகத்தில் அது அவர் காதில் விழவில்லை.

முடிதிருத்தும் கடையின் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறினார். பாதி மீசையோடு இருந்த ஒருவரை இடித்தார். "நன்றி" என்றார். முட்டைத் தட்டு சுமந்து வந்த பெண்மணி மீது மோதினார். "நன்றி." அந்த அம்மாள் பதிலுக்குச் சொன்னது நன்றி போலத் தெரியவில்லை.

கடைசியில் காவல் நிலையம் ஒன்றில் புகுந்து, தன்னைத் திருடன் துரத்துவதாக அபிநயம் பிடித்துக் காட்டினார். அதிகாரி பாஸ்போர்ட்டைக் கேட்டார். மேலாளர் இடுப்பைத் தடவினார், சட்டைப்பையைத் தடவினார், பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அதிகாரி லாக்கப் சாவிக்கொத்தை எடுக்கும் நேரத்தில் டிரைவர் மூச்சிரைக்க உள்ளே வந்து பையை மேசைமேல் வைத்தார். பின்னாலேயே நாங்களும் போய்ச் சேர்ந்தோம்.

"இவரு நேர்மையானவரான்னு எடை போட்டுப் பார்த்தேன்" என்று மேலாளர் எங்களிடம் சொன்னார். "சரியாத்தான் இருக்காரு."

அதன்பின் அவர் டிரைவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஐயா, நீங்க மனுஷரே இல்ல, தெய்வம்" என்று தமிழில் சொன்னார். விடுதிக்கு அழைத்துவந்து, கண்காட்சிக்குக் கொண்டுபோன இயந்திரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். டிரைவருடைய வண்டிக்கே கதவைத் திறந்துவிட்டு, அவர் உட்கார்ந்ததும் மெல்லச் சாத்தினார். உழைப்பாளியை இப்படிப் போற்றும் ஒருவரின் கீழ் வேலை பார்க்கிறேனே என்று என் கண் கலங்கியது.

மூன்று நாள் கழித்து எங்கள் ஊர் விமான நிலையத்தில் இறங்கி டாக்சிக்குக் கை காட்டினோம். ஓட்டுநருக்கு எழுபது வயதிருக்கும். நரைத்த தலை, சற்றே நடுங்கும் கை.

"டேய், டிக்கியைத் தொற. பெட்டிய யாரு, உங்கப்பனா வந்து தூக்குவான்?" என்றார் மேலாளர்.

பெரியவர் குனிந்து முதல் பெட்டியைத் தூக்கினார். அக்கா ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தார்.

"சார், அந்நியரை அவமதிக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"அது வெளிநாட்டுக்காரனுக்கும்மா. இவன் நம்ம ஆளுதானே."

மூன்றாவது பெட்டி என்னுடையது. சொந்த நாட்டு மனிதரை அவமதிக்க விசா தேவையில்லை என்பதால், நான் ஏற்கெனவே வண்டிக்குள் ஏறி உட்கார்ந்திருந்தேன்.